வேட்டைக் கத்தியும் பிராட்ஹெட்டும்: கைடட் ஷார்ப்பனரில் கூர் ஏற்றும் முறை

கைடட் ஷார்ப்பனர் வாங்கியவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "கோணத்தைச் சரியாகத்தான் வைத்தேன், நிறையவே தேய்த்தேன், ஆனாலும் கத்தி தாளைக் கிழிக்கிறதே தவிர வெட்டவில்லை." இதில் கருவியின் கோளாறு அபூர்வம். கோணம் ஆடாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. கல் கத்தியின் வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, தொட்டதா, பிசிறு (வாயில் மடிந்து எழும் மெல்லிய இரும்பு) எழுந்ததா, எழுந்த பிசிறு போனதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, நாம்தான் பார்க்க வேண்டும். வில்வேட்டைக்கு உரிமம் உள்ள இடங்களில் கத்தியும் அம்பும் சேர்ந்தே காட்டுக்குப் போகின்றன. அதனால் பிராட்ஹெட்டையும், அதாவது வேட்டை அம்பின் முனையில் மாட்டும் வெட்டும் தலையையும், இதிலேயே எழுதிவிடுகிறேன். உண்மையில் அதுதான் இரண்டில் கஷ்டமானது.

எந்த வகைக் கருவி

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, கத்தியை கிளாம்பில் இறுக்கி, கல்லை ஒரு கம்பியில் மாட்டி, அந்தக் கம்பியை ஒரு துளை வழியாகச் செலுத்தி இழுப்பது. லான்ஸ்கி கிளாம்ப் இந்த வகை. அதில் 17, 20, 25, 30 டிகிரி என்று நான்கு துளைகள் இருக்கும். இரண்டாவது, வைரத் தகட்டின் ஓரத்தில் சாய்வான பிளாஸ்டிக் வழிகாட்டி வைத்தது. கத்தியின் முதுகுப் பக்கத்தை அந்தச் சாய்வில் படியவைத்து, கோணத்தைக் கைக்குப் பழக்கிக்கொண்டு அப்படியே தகட்டில் இழுக்க வேண்டும். வொர்க் ஷார்ப் நிறுவனத்தின் கைடட் ஃபீல்டு ஷார்ப்பனர் இதற்கு நல்ல உதாரணம். 220 கிரிட், 600 கிரிட் (எண் கூடினால் துகள் நைஸ்) என இரண்டு வைரத் தகடு, செராமிக் கம்பி, தோல் பட்டை, பிராட்ஹெட்டை இறுக்கும் ரென்ச் எல்லாம் ஒரே கட்டையில் அடக்கம். மூன்றாவது, அடித்தளத்தில் இரண்டு செராமிக் கம்பிகளை V வடிவில் சொருகி, கத்தியை நேர்க்குத்தாகக் கீழே இழுப்பது. ஸ்பைடர்கோ ஷார்ப்மேக்கரில் மொத்தக் கோணம் 30, 40 என இரண்டு நிலை உண்டு. அதாவது பக்கத்துக்கு 15 அல்லது 20.

மழுங்கிப்போன கத்தியைப் புதிதாகச் சரிவு (வாயை ஒட்டிய சாய்ந்த முகம்) எடுத்துத் தீட்ட கிளாம்ப் வகைதான் சரி. ஓரளவு கூராக இருப்பதை மீண்டும் கூராக்க V வகை போதும். வெளியில் எடுத்துச்செல்ல இரண்டாவது வகை. கார்பைடு துண்டு இரண்டை V ஆக வைத்து நடுவில் கத்தியை இழுக்கும் சின்னக் கருவியை நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அது தேய்ப்பதில்லை, இரும்பைச் சுரண்டி எடுக்கிறது. வாயைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கிழித்த தகரம் மாதிரி இருக்கும். அவசரத்துக்கு ஆகும், அவ்வளவுதான்.

எத்தனை டிகிரி

எல்லா எண்ணும் ஒரு பக்கத்துக்கு. தோலுரிக்கவும் இறைச்சி பிரிக்கவும் பயன்படும் வேட்டைக் கத்திக்கு 20. மூட்டைப் பிளக்க, எலும்பில் படும்படி பயன்படுத்தினால் 25. மீன் சதையைப் பிரிக்கும் மெல்லிய ஃபில்லே கத்திக்கு 15 முதல் 17 வரை. பிராட்ஹெட்டுக்கு 20 முதல் 25. அதற்குக் கீழே போக வேண்டாம். அம்பு விலா எலும்பில் பட்டதும் மெல்லிய வாய் மடிந்துவிடும். மடிந்த வாய் அதற்குப் பிறகு எதையும் வெட்டாது.

ஏற்கெனவே இருக்கும் கோணத்தை மாற்றுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். வாய்க்கு மேலே இரும்பின் தடிமன் 0.6 மிமீ என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரியில் சரிவின் அகலம் சுமார் 0.7 மிமீ. 20 டிகிரியில் அது 0.88 ஆகும், 17 டிகிரியில் 1 மிமீயைத் தாண்டும். எண்கள் சிறியவை. ஆனால் அந்த வித்தியாசத்தை இரண்டு பக்கமும் கத்தியின் முழு நீளத்துக்கும் தேய்த்து எடுக்க வேண்டும். கரடுக் கல் இல்லாமல் இந்த வேலையில் இறங்கினால் பாதியில் அலுத்துப்போய், வாயைத் தொடாமலேயே அடுத்த கல்லுக்குத் தாவிவிடுவோம். கூராகாத கத்திகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

கிளாம்பில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்

துளைக்குப் பக்கத்தில் 20 என்று பொறித்திருந்தாலும் உங்கள் கத்தியில் அது 20 ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கோணத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: துளையின் உயரம், துளையிலிருந்து கத்தி வாய் வரை உள்ள தூரம். தூரம் 100 மிமீ, உயரம் 36.4 மிமீ என்றால் 20 டிகிரி. அதே துளையில் அகலமான கத்தியைப் போட்டு வாய் 15 மிமீ தள்ளிப்போனால் கோணம் 17.5க்கு இறங்கிவிடும். ஒடுங்கிய கத்தியாக இருந்து 10 மிமீ கிட்டே வந்தால் 22க்கு ஏறும். டிஜிட்டல் கோணமானியைக் கல்லின் மேல் வைத்து ஒருமுறை அளந்து கொள்ளுங்கள். கைபேசியில் உள்ள லெவல் செயலிகூடப் போதும். முதலில் கத்தியின் தட்டைப் பக்கத்தில் வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, பிறகு கல்லின் சாய்வைப் பார்க்க வேண்டும்.

கல்லின் தடிமனும் விளையாடும். மேலே சொன்ன அதே அளவில் 3 மிமீ கூடுதல் தடிமனான கல்லை மாட்டினால் கோணம் ஒன்றரை டிகிரி குறையும். கரடுக் கல் மெல்லியதாகவும் நைஸ் கல் தடித்ததாகவும் இருந்தால், நைஸ் கல் சரிவின் மேல் ஓரத்தை மட்டும் பளபளப்பாக்கிக்கொண்டு வாயைத் தொடாமலே போய்வரும். லான்ஸ்கி போன்றவற்றில் கல்லையும் கம்பியையும் சேர்க்கும் திருகு ஒன்று இருக்கும். எல்லாக் கற்களையும் தேய்க்கும் முகம் கீழே இருக்குமாறு மேசையில் வரிசையாக வைத்து, எல்லாக் கம்பியும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும்படி சரிசெய்து அந்தத் திருகை இறுக்குங்கள். வளைந்த கம்பியை நிமிர்த்துங்கள். இதை ஒருமுறை செய்தால் போதும், ஆனால் செய்யாதவர்களே அதிகம்.

இன்னொரு விஷயம் அடிக்கடி தவறாகவே சொல்லப்படுகிறது. கத்தி நீளமாக இருந்தால் இரு கோடியிலும் கோணம் குறைந்துவிடும் என்பார்கள். வாய் நேராக இருக்கும் பகுதிக்கு இது பொருந்தாது. ஒரு நேர்கோடும் ஒரு புள்ளியும் சேர்ந்தால் ஒரே ஒரு தளம்தான், ஆகவே நேரான பகுதி முழுக்க ஒரே கோணம்தான் விழும். மாறுவது வளைவில். நுனிக்குப் போகும் வளைவில் வாயின் திசை திரும்புகிறது. அந்த இடத்தில் வாயைத் தொட்டு ஒரு கோடு இழுத்தால், துளையிலிருந்து அந்தக் கோட்டுக்கு உள்ள தூரமே அங்கே கணக்கு. அது நேரான பகுதிக்கு இருந்த தூரத்தைவிடக் கூடினால் கோணம் குறையும், குறைந்தால் கோணம் கூடும். எனவே கத்தியை கிளாம்பில் முன்னும் பின்னும் நகர்த்தி, இரண்டு தூரமும் ஏறக்குறைய சமமாகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலான வேட்டைக் கத்திகளுக்கு அந்த இடம் நடுவிலிருந்து கொஞ்சம் நுனிப்பக்கம் தள்ளி அமையும். கிடைத்ததும் அந்த இடத்தை முதுகில் ஒட்டிய டேப்பில் குறித்து வையுங்கள், அளவையும் எங்காவது எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே இடத்தில் பிடித்தால் நாலைந்து இழுப்பில் வேலை முடியும். வேறு இடத்தில் பிடித்தால் மறுபடி முதலிலிருந்து.

முதுகிலிருந்து வாய் வரை ஒரே சீராக மெலிந்து வரும் கத்திகள் கிளாம்பில் சாய்ந்து உட்காரும். ஒரு பக்கம் 18, மறுபக்கம் 22 என்று விழுந்துவிடும். மொத்தம் 40 என்பதால் கத்தி வெட்டும், ஆனால் ஒரு பக்கச் சரிவு அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் தெரியும். தாடைக்குள் மெல்லிய தோல் துண்டோ இரண்டு சுற்று மாஸ்கிங் டேப்போ வைத்து இறுக்கினால் சாய்வும் வழுக்கலும் நிற்கும். கத்தியின் பக்கங்களிலும் டேப் ஒட்டிவிடுங்கள். கல்லிலிருந்து உதிரும் துகள் கிளாம்புக்கடியில் போய்ப் பக்கங்களைக் கீறுவது அப்போது தவிரும்.

மார்க்கர், பிறகு கரடுக் கல்

கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தபின் இரண்டு பக்கச் சரிவிலும் கறுப்பு மார்க்கரைத் தீட்டுங்கள். கல்லை லேசாக இரண்டு தடவை இழுத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மை சரிவு முழுக்கப் போயிருந்தால் கோணம் பழைய கோணத்தோடு பொருந்துகிறது. மேல் ஓரத்தில் மட்டும் போய் வாயருகே கறுப்பாகவே நின்றால் உங்கள் கோணம் குறைவு. கரடுக் கல்லில் நிறைய வேலை இருக்கிறது, அல்லது ஒரு துளை மேலே போக வேண்டும். வாயில் மட்டும் மெல்லிய கோடாகப் போயிருந்தால் கோணம் கூடுதல். அதிலும் கத்தி கூராகும், ஆனால் ஒவ்வொரு முறையும் இப்படியே செய்துவந்தால் வாய் தடித்துக்கொண்டே போகும். பிடிப்பக்கம், நடு, நுனி என மூன்று இடத்திலும் மையைப் பார்க்க வேண்டும்.

220 வைரத் தகட்டின் துகள் சுமார் 60 மைக்ரான், 600 சுமார் 25 மைக்ரான், 1200 சுமார் 9. பல் விழுந்த அல்லது அடியோடு மழுங்கிய வாய்க்கு 220. வெறுமனே கூர் குறைந்ததற்கு 600லிருந்து ஆரம்பித்தால் போதும். தேவையில்லாமல் கரடுக் கல்லுக்குப் போவது கத்தியின் ஆயுளைத் தின்பது.

கரடுக் கட்டத்தில் கல்லை முன்னும் பின்னும் இழுக்கலாம். அழுத்தம் என்பது கல்லின் எடையும் ஒரு விரலின் எடையும் மட்டுமே. வைரத் துகள்கள் நிக்கல் பூச்சில் பதிந்திருக்கின்றன. அழுத்தினால் அவை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், கம்பியும் வளைந்து கோணத்தைக் கெடுக்கும். புதுத் தகடு முதலில் கரகரவென்று பிடிக்கும், சில கத்திகளுக்குப் பிறகு அடங்கிவிடும். அதைப் பழுதென்று நினைக்க வேண்டாம்.

நுனியில் ஒரு எச்சரிக்கை. கல்லின் பாதி அகலம் நுனியைத் தாண்டியதும் நிறுத்திவிடுங்கள். முழுக் கல்லும் நுனியிலிருந்து வழுக்கி விழும்படி இழுத்தால் ஒவ்வொரு இழுப்பிலும் நுனி கொஞ்சம் உருண்டுபோகும். பிடிப்பக்கத்தில் இதற்கு நேர்மாறு. கல்லின் ஓரம் பிடியில் இடித்து நிற்பதால் கடைசி 3, 4 மிமீ தீட்டப்படாமல் தங்கும். அதைச் சரிக்கட்ட அந்த இடத்திலேயே நின்று தேய்த்தால் வாயில் குழி விழும். குழி விழுந்த கத்தியைப் பலகையில் வைத்தால் நடுவே வெளிச்சம் தெரியும்.

பிசிறு

ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போகும்போது, இரண்டு சரிவும் சந்திக்கும் இடத்தில் இரும்பு மெலிந்து மறுபக்கமாக மடிகிறது. அதுதான் பிசிறு. கல் வாய்வரை வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நம்பகமான அடையாளம் கிடையாது. இழுப்புகளை எண்ணுவதில் பயனில்லை, பிசிறு வந்ததா என்று பாருங்கள்.

தேய்த்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து, முதுகிலிருந்து வாயைத் தாண்டி வெளியே போகும்படி நகர்த்துங்கள். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் நகர்த்தக் கூடாது. பிசிறு இருந்தால் விரல் கடைசியில் எதிலோ தட்டுவது போல் உணரும். விரலில் நம்பிக்கை இல்லாதவர்கள் காட்டன் பஞ்சை அதே திசையில் இழுத்துப் பார்க்கலாம். பிசிறு உள்ள இடத்தில் நார் சிக்கும். பிடியிலிருந்து நுனிவரை எங்கும் விடாமல் பிசிறு வந்த பிறகே அடுத்த பக்கம் திருப்ப வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் வரவில்லையென்றால் அந்த இடத்தில் மட்டும் இன்னும் சில இழுப்பு. கடைசியாக வருவது எப்போதும் நுனியும் பிடிப்பக்கமும்தான்.

கண்ணால் பார்க்கவும் ஒரு வழி உண்டு. ஒரே ஒரு விளக்கின் கீழே வாய் மேல்நோக்கி இருக்கும்படி கத்தியைப் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய்க்கு அகலமே இல்லை, ஆகவே அதிலிருந்து வெளிச்சம் திரும்பாது. எங்காவது வெள்ளையாக ஒரு நூல் மின்னினால் அந்த இடம் தட்டையாக இருக்கிறது, அல்லது மடிந்த பிசிறு நிற்கிறது. புள்ளியாக மின்னினால் பல் விழுந்த இடம்.

மறுபக்கமும் பிசிறு எழுந்ததும் 600, பிறகு செராமிக் அல்லது 1200. ஒவ்வொரு கல்லிலும் முந்தைய கல்லின் கோடுகள் மறையும்வரை போதும். இங்கிருந்து வாய் கல்லைச் சீவுவது போன்ற திசையில் மட்டும் இழுங்கள், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசிக் கல்லில் ஒரு பக்கம் 5, மறுபக்கம் 5, பிறகு 3, 3, பிறகு ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி.

இதைச் செய்யாமல் விட்டால் கிடைப்பது பொய்க் கூர். பிசிறு நிமிர்ந்து நின்று தாளை அருமையாக வெட்டும். சவரம்கூடச் செய்யும். முதல் விலங்கின் தோலில் கால்வாசி போவதற்குள் மடிந்து கத்தி மொண்ணையாகிவிடும். "இந்த ஸ்டீல் கூர் தாங்காது" என்று சொல்லப்படும் கத்திகளில் பல இந்த வகை. பிடிவாதமான பிசிறுக்கு மருந்து, நைஸ் கல்லில் கோணத்தை 2 டிகிரி கூட்டி, கல்லின் எடை மட்டும் பட, பக்கத்துக்கு இரண்டு இழுப்பு. பிசிறு அடியோடு அறுபடும், கூடவே மிக மெல்லிய இரண்டாவது சரிவு ஒன்றும் கிடைக்கும். அது வாய்க்குப் பலமும் சேர்க்கும்.

ஸ்டீலைப் பற்றிச் சுருக்கமாக: 420, 440 போன்ற எளிய ஸ்டீல்கள் எந்தக் கல்லிலும் தேயும், ஆனால் பிசிறு நீளமாக எழும். எஸ்30வி போன்றவற்றில் வனேடியம் கார்பைடு இருக்கிறது. அது செராமிக் கல்லின் அலுமினாவைவிடக் கடினம், ஆகவே செராமிக்கில் கத்தி பளபளக்கும், ஆனால் மெதுவாகத்தான் தேயும். அவற்றுக்கு ஆரம்பம் முதல் முடிவுவரை வைரம்.

தோல் பட்டையில் பச்சை குரோமியம் ஆக்சைடு தடவி, முதுகு முன்னே போக, பக்கத்துக்கு 5 முதல் 10 இழுப்பு. கோணத்தைச் சரிவைவிடத் துளி குறைவாக வையுங்கள். அழுத்தினால் தோல் மேலெழும்பி வாயைச் சுற்றிக்கொண்டு உருட்டிவிடும். பட்டையில் நிறைய நேரம் செலவழிப்பவர்கள் கல்லில் விட்டதைப் பட்டையில் பிடிக்கப் பார்க்கிறார்கள், அது நடக்காது.

குடல் கொக்கி (விலங்கின் வயிற்றைக் கிழிக்கக் கத்தி முதுகில் உள்ள கொக்கி) உள்ள கத்திகளில் அந்தக் கொக்கியின் உள்வளைவுக்கு மெல்லிய உருண்டை செராமிக் கம்பிதான், கைடு எதுவும் உதவாது. குவிந்த சரிவு உள்ள கத்தியை கிளாம்பில் போட்டால் அது சாதாரணச் சரிவாகிவிடும். அது சம்மதமென்றால் போடுங்கள்.

பிராட்ஹெட்: முதலில் வகையைப் பாருங்கள்

கத்தியில் கற்றதெல்லாம் இங்கேயும் செல்லும், பிடிக்கும் விதம் மட்டும் வேறு. எடை 100 கிரெயின், 125 கிரெயின் என்று போகும். 100 கிரெயின் என்பது ஆறரை கிராம் அளவுதான். இவ்வளவு சிறிய, எல்லாப் பக்கமும் கூரான பொருளை வெறுங்கையில் பிடித்துத் தீட்டக் கூடாது. வெட்டுத் தாங்கும் கையுறை போட்டு, பிராட்ஹெட்டை ஒரு துண்டு அம்புத்தண்டில் திருகிக்கொள்ளுங்கள். திருகுமுறை பிராட்ஹெட்டுகளில் பெரும்பாலும் 8-32 மரை என்பதால் எந்தப் பழைய தண்டின் முன்பகுதியும் பொருந்தும். 15 செமீ துண்டு நல்ல கைப்பிடியாகும். மாட்டவும் கழற்றவும் ரென்ச். கருவியிலேயே ரென்ச் பள்ளம் இருந்தால் அலகுகள் (வெட்டும் தகடுகள்) அதற்குள் மறைந்துவிடும், அதைப் பயன்படுத்துங்கள். வெறும் விரலால் இறுக்கும்போதுதான் வெட்டுக்காயம் அதிகம் ஏற்படுகிறது.

இரண்டு அலகு, இரு பக்கச் சரிவு. இது ஏறக்குறைய ஒரு சின்னக் கத்திதான், நடுவில் தடித்த தண்டு ஒன்று மட்டும் கூடுதல். அந்தத் தண்டு கிளாம்பில் சமமாக உட்காராது. தகட்டில் இழுக்கும்போதும் இடிக்கும். குறுக்குச் சின்ன அலகுகள் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். சாய்வு வழிகாட்டியில் அலகைப் படியவைத்து, அலகு தகட்டுக்குக் குறுக்காகச் சரிந்து, தண்டு தகட்டின் ஓரத்துக்கு வெளியே தொங்கும்படி இழுத்தால் இடிக்காது. சரிவுகள் மொத்தம் நான்கு. நான்கிலும் ஒரே அளவு இரும்பு போக வேண்டும். இங்கே மட்டும் எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு. ஒரு அலகு அதிகம் தேய்ந்தால் நுனி மையத்திலிருந்து விலகும், அம்பு காற்றில் இழுத்துக்கொண்டு போகும். பல் விழுந்த ஒரு சரிவைச் சரிசெய்ய 20 இழுப்பு தேவைப்பட்டால், நன்றாக இருக்கும் மற்ற மூன்று சரிவுக்கும் அதே 20 கொடுங்கள்.

ஊசிபோல நீண்ட நுனியை விரும்புகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எலும்பில் பட்டால் அது கொக்கியாகச் சுருண்டு, பின்னால் வரும் அலகுகளை நிறுத்திவிடும். நுனியில் 1 முதல் 2 மிமீ அளவுக்கு அகன்ற கோணத்தில் சின்ன உளிமுனை எடுத்துவிட்டால் உறுதி கூடும்.

மூன்று அலகு, ஒரே வார்ப்பு. இதற்குக் கருவியே வேண்டாம், பிராட்ஹெட்டே தன் கைடு. மூன்று அலகும் 120 டிகிரி இடைவெளியில் இருப்பதால், தட்டையான கல்லில் படுக்க வைத்தால் இரண்டு அலகின் வாய்கள் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும், ஒவ்வொன்றும் 30 டிகிரியில். ஒரு நிலையில் இரண்டு சரிவு, மூன்று முறை திருப்பினால் ஆறு சரிவும் முடியும். மொத்தக் கோணம் 60 என்பது கத்திக்கு அதிகம், ஆனால் தோலையும் விலாவையும் துளைத்துச் செல்லும் அலகுக்கு அந்தப் பலம் வேண்டும்தான்.

மார்க்கர் தீட்டி, கல்லில் படுக்க வைத்து நீளவாக்கில் 10 இழுப்பு. திருப்பி 10, மறுபடி திருப்பி 10. மை எல்லா வாயிலும் போகும்வரை இதே சுற்று. பிறகு நைஸ் கல்லில் 5, 3, 1 என்று குறைத்துக்கொண்டே சுற்ற வேண்டும். ஒவ்வொரு திருப்பும் முந்தைய நிலையில் எழுந்த பிசிறை எதிர்ப்பக்கமாகத் தள்ளும். கடைசி ஒற்றை இழுப்புகளில்தான் அது அறுபடுகிறது. அம்புத்தண்டு கல்லில் இடிக்காதிருக்க, கல்லை ஒரு கட்டையின் விளிம்பில் உயர்த்தி வைத்து அம்புத்தண்டை வெளியே தொங்கவிடுங்கள்.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் கல்லால்தான். நடுவில் குழி விழுந்த கல்லில் மூன்று அலகு ஒருநாளும் கூராகாது, வாயின் முன்பகுதியும் பின்பகுதியும் மட்டும் மாறி மாறித் தேயும். வைரத் தகடு குழி விழாது என்பதால் இதற்கு அதுதான் உத்தமம். அகலமும் இரண்டு அலகையும் தாங்குமளவு இருக்க வேண்டும். ஒடுங்கிய தகட்டில் ஒரு அலகு விளிம்பைத் தாண்டினால் கோணம் போச்சு. சில மாடல்களில் நடுத்தண்டு அலகைவிட வெளியே துருத்தும். அவை படுக்காது, அவற்றுக்கு இந்த வழி சரிப்படாது.

ஒரு பக்கச் சரிவு. அலகின் ஒரு பக்கம் மட்டும் சரிவு, மறுபக்கம் முழுத் தட்டை. 25 டிகிரியை ஒட்டியும் அதற்கு மேலும் வரும். வாங்கும்போது என்ன கோணமோ அதையே பின்பற்றுங்கள். கிளாம்ப் கருவி தன் முழுப் பலனையும் காட்டுவது இங்கேதான். சரிவுப் பக்கத்தை மட்டும் தேய்த்துத் தட்டைப் பக்கத்தில் பிசிறு எழுப்பி, பிறகு தட்டைப் பக்கத்தை நைஸ் கல்லில் முழுக்கப் படியவைத்து ஒன்று அல்லது இரண்டு இழுப்பு. அந்த இரண்டு இழுப்பில் முதுகைச் சற்றே தூக்கிவிட்டால் தட்டைப் பக்கத்திலும் சரிவு விழுந்து இருபக்கச் சரிவாகிவிடும். பிறகு அதை நீக்கத் தட்டைப் பக்கம் முழுவதையும் தேய்க்க வேண்டிவரும். வலச் சரிவு அலகுக்கு அம்பின் பின்பக்கத்தில் வலச் சுழற்சி இறகு, இடச் சரிவுக்கு இடச் சுழற்சி இறகு. இரண்டும் முரண்பட்டால் அம்பு காற்றில் ஒரு பக்கமும் உடலுக்குள் மறுபக்கமும் சுழலப் பார்க்கும், ஊடுருவல் குறையும்.

மாற்றக்கூடிய அலகுகள் 0.7 முதல் 1 மிமீ தடிமன்தான். தீட்டி மிச்சம் பிடிப்பதைவிட ஒரு முறை எய்ததும் மாற்றிவிடுவது மேல். பயன்படுத்தாமலே மழுங்கியிருந்தால் தோல் பட்டை போதும். விரியும் வகை மெக்கானிக்கல் பிராட்ஹெட்டும் அப்படியே. பயிற்சிக்கு ஒன்றைத் தனியாக ஒதுக்கி மார்க்கரில் குறியிடுங்கள், அதை வேட்டை உறையில் கலக்காதீர்கள்.

அரத்தால் இழுத்துப் பல்பல்லாக விட்ட வாயா, மழமழவென்று தீட்டிய வாயா என்பது பழைய வழக்கு. மழுமழுப்பான வெட்டில் இரத்தம் உறைய நேரமாகும், கிழிந்த வெட்டில் சீக்கிரம் உறையும் என்பது இரண்டாம் தரப்பின் வாதம். என் ஓட்டும் அதற்கே. தோலுரிக்கும் கத்தியில் மட்டும் 600ல் நிறுத்திவிட்டுப் பட்டைக்குப் போவதை விரும்புகிறேன். கொஞ்சம் கரகரப்பு ஈரத் தோலில் நன்றாகப் பிடிக்கும்.

சோதிப்பது

கத்திக்கு மெல்லிய தாள். பிடிப்பக்கத்திலிருந்து நுனிவரை முழு நீளத்தையும் இழுத்து வெட்ட வேண்டும். எங்கே சிக்குகிறதோ அங்கே பிசிறோ பல்லோ இருக்கிறது. பிராட்ஹெட்டைக் கைமயிரில் சோதிக்க வேண்டாம், மற்ற அலகுகள் எங்கே இருக்கின்றன என்பது அந்த நேரத்தில் மறந்துபோகும். ஒரு பெட்டியின் மேல் ரப்பர் பேண்டை இழுத்து மாட்டி, அலகை அதன்மேல் லேசாக வைத்துத் தள்ளுங்கள். கூரான வாய் பட்ட மாத்திரத்தில் ரப்பர் அறும். மழுங்கிய வாய் ரப்பரைத் தள்ளிக்கொண்டே போகும். ஒவ்வொரு அலகையும் தனித்தனியாகச் சோதியுங்கள், மூன்றில் ஒன்று மட்டும் தேறாமல் இருப்பது சாதாரணம்.

பிறகு அம்பில் மாட்டி நுனியைக் கீழே ஊன்றிச் சுழற்றுங்கள். தண்டும் பிராட்ஹெட்டும் சேரும் இடம் ஆடினால் நுனியோ தண்டோ வளைந்திருக்கிறது, அல்லது மரை சரியாக உட்காரவில்லை. சின்னத் தராசு இருந்தால் ஒரே தொகுதி பிராட்ஹெட்டுகளை நிறுத்துப் பாருங்கள். நிறையத் தீட்டியது எடை குறைந்திருக்கும். ஓரிரு கிரெயின் பொருட்டல்ல, 5ஐத் தாண்டினால் அதைப் பயிற்சிக்குத் தள்ளிவிடலாம்.

புதிதாகத் தீட்டிய கார்பன் ஸ்டீல் வாய் ஈரக் காற்றில் ஓர் இரவிலேயே துருப்பிடிக்கும். வாசலினோ மெழுகோ மிக மெல்லியதாகத் தடவிவிடுங்கள். அம்புறையின் ஃபோமில் பிராட்ஹெட்டை நேரடியாகக் குத்தி வைத்தால் ஒவ்வொரு முறை உருவும்போதும் கூர் போகும். குத்திய தடத்திலேயே மறுபடி சொருகுங்கள், அல்லது அலகு ஃபோமைத் தொடாமல் தண்டை மட்டும் பிடிக்கும் உறை வாங்குங்கள். வைரத் தகட்டில் அடைந்த இரும்புத் தூளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, உடனே துடைத்துவிட வேண்டும். செராமிக் கம்பி சாம்பல் நிறமானால் பாத்திரம் தேய்க்கும் பவுடரும் பச்சை நாரும் போதும். எண்ணெய் இரண்டுக்கும் வேண்டாம்.